அப்பாவின் மணிக்கட்டில் இருந்த கணக்கு

எங்கள் வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இரும்பு ஒன்று நிற்கிறது. முதன்முறை வீட்டுக்கு வருபவர்கள், “இது என்ன, ஐஸ் அரைக்கிற மெஷினா?” என்று கேட்பார்கள். அம்மாவுக்கு அது ‘உங்கப்பாவோட மூத்த சம்சாரம்’. அப்பாவுக்கு வெறும் ‘மெஷின்’. முழுப் பெயர் மில்லிங் மெஷின்.

லேத் நம்மில் பலர் பார்த்ததுதான். அதில் இரும்பு சுழலும், கத்தி நிற்கும். மில்லிங்கில் கதை தலைகீழ். கத்தி, அதாவது கட்டர், மேலே சுழலும். இரும்பை ஒரு மேசையில் இறுக்கிக் கட்டி, அந்த மேசையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மேல் கீழாகவும் நகர்த்துவோம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே நீளமான திருகுத்தண்டு சுழன்று மேசையைத் தள்ளும்.

மூவார் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஓத்தாக் ஓத்தாக்கும் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரையும் நினைவுக்கு வரும். தொழில் தெரிந்தவர்களுக்கு மரச்சாமான்தான் மூவார். பக்ரி, புக்கிட் பாசிர் பக்கம் போனால் மரத்தூள் வாசமில்லாத தெரு குறைவு. அந்த மர ஆலைகளை ஓட வைப்பவை அவற்றின் பக்கத்திலேயே முளைத்த சின்னச் சின்ன இரும்புப் பட்டறைகள். துளையிடும் இயந்திரத்தின் தண்டு தேய்ந்துவிட்டதா, நாற்காலிக் கால்களை ஒரே அளவில் பிடித்துக்கொள்ள ஓர் அச்சு வேண்டுமா, அன்றைக்கே செய்து தர ஒருவர் வேண்டும். அப்பா அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தார். தவுக்கே புதிதாகக் கணினி இயந்திரம் வாங்கியபோது, பழையதை 3,500 வெள்ளிக்கு அப்பா எடுத்துக்கொண்டார். அதை லோரியில் ஏற்றி வந்த நாளில் எங்கள் தாமானே வேடிக்கை பார்த்தது.

இயந்திரம் தைவானில் செய்தது. ஆனால் அதன் வடிவம் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தது. ருடால்ஃப் பன்னோவ், மேக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இருவர் 1938இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. பல நாடுகளில் நகலெடுத்தார்கள். தைவான் நகல்கள் ஆசியா முழுவதும் பரவின. மூவாரில் பழைய பட்டறை எதற்குள் நுழைந்தாலும் அதன் தம்பி தங்கை ஒன்று மூலையில் நிற்க வாய்ப்புண்டு.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா சும்மா இருந்ததில்லை. கோயில் கதவின் கீல், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் பாகம், மாவரைக்கும் இயந்திரத்தின் புல்லி என்று ஏதாவது ஒன்று மேசையில் இருக்கும். பிறகு வலது தோள் பழுதானது. டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்றார். இந்த இயந்திரத்தில் மிகக் கடினமான வேலை மேசையை மேலே ஏற்றுவதுதான். மேசையோடு அதைத் தாங்கும் கனத்த அடிப்பகுதியும் சேர்ந்து ஏற வேண்டும். அப்பாவால் அந்தக் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. இயந்திரத்தின் மேல் பழைய சாரோங் ஒன்றைப் போட்டு மூடினார். மூன்று மாதம் அது அப்படியே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை வானொலியில் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் பழைய இரும்பு வாங்குபவரின் லோரி. எடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் வெள்ளிக்கும் குறைவு. அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“கொடுக்காதீங்கப்பா. இதுக்கு மோட்டார் வச்சி, கம்ப்யூட்டர்ல ஓட்டலாம்” என்றேன்.

எனக்கு அப்போது அதைப் பற்றித் தெரிந்தது இரண்டு மூன்று காணொளிகள் மட்டுமே. லோரி போன பிறகு அப்பா சொன்னார்: “பாப்பா, கம்ப்யூட்டர் மெஷின் பொறக்கும்போதே அப்படிப் பொறக்கணும். இது கையால ஓட்டப் பொறந்தது.”

அதற்குப் பதில் தேடியபோதுதான் ஒரு சுவையான வரலாறு கிடைத்தது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்டுவதற்கு, எண்களைக் கொண்டு இயந்திரத்தை நகர்த்தலாம் என்று யோசித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அதைச் செய்து 1952இல் உலகுக்குக் காட்டினார்கள். துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகள், வெற்றிடக் குழாய்கள் நிரம்பிய அலமாரிகள். ஆனால் வெட்டிய இயந்திரம் புதிதாகப் பிறந்ததல்ல. ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி மில்லிங் இயந்திரம் ஒன்றைத்தான் மாற்றியமைத்திருந்தார்கள். எண்ணுக்குக் கட்டுப்பட்ட உலகின் முதல் மில்லிங் இயந்திரமே பிறக்கும்போது அப்படிப் பிறந்ததல்ல! இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, செஞ்சு பாரு. ஆனா முதல்ல மெஷினை ரிப்பேர் பண்ணணும்” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடுகிற இயந்திரத்துக்கு என்ன ரிப்பேர்? பட்டறையிலிருந்து வந்த நாள் முதல் அப்பா அதில் அளவு பிசகாமல் வேலை செய்ததைப் பார்த்தவள் நான். பழைய திருகுத்தண்டுகளிலேயே மோட்டார்களைப் பொருத்தினோம். கட்டுப்பாட்டுக்கு லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகம் 1990களில் உருவாக்கிப் பொதுவில் விட்ட நிரலிலிருந்து வளர்ந்தது அது. வீட்டில் தூசி படிந்து கிடந்த மேசைக் கணினியே அதற்குப் போதும். மோட்டார்கள் ஸ்டெப்பர் வகை. ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாகப் பிரித்து, எத்தனை அடி சொல்கிறோமோ அத்தனை மட்டும் நகரும்.

முதல் சோதனைக்கு ஓர் அலுமினியக் கட்டியைப் பூட்டினோம். 50 மில்லிமீட்டர் வட்டம் வெட்டு என்று கட்டளை கொடுத்தேன். இரண்டு கைப்பிடிகளும் யாரும் தொடாமல் சுழன்றன. அம்மா சாமி கும்பிடாத குறை.

வெட்டி முடித்து எடுத்துப் பார்த்தால், அது வட்டமே இல்லை. நான்கு இடங்களில் தட்டையாக, சின்னப் படி வைத்ததுபோல் இருந்தது. கடிகார முகத்தில் 12, 3, 6, 9 இருக்கும் அதே நான்கு இடங்கள். நான் மென்பொருளைச் சந்தேகித்தேன். கம்பிகளைச் சந்தேகித்தேன். அப்பா கட்டியை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, “பேக்லாஷ்” என்றார்.

பிறகு டயல் கேஜை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் மேசை நகர்கிறது. நிறுத்தி, இடப்பக்கம் திருப்பினால், முள் அசையவே இல்லை. கைப்பிடி 35 தௌ அளவு வெறுமனே திரும்பிய பிறகுதான் மேசை நகரத் தொடங்கியது. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 35 தௌ என்றால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். திருகுத்தண்டும் அதைப் பிடித்திருக்கும் வெண்கல நட்டும் பல்லாண்டு உரசித் தேய்ந்த இடைவெளி அது. வட்டம் வெட்டும்போது மேசை நான்கு இடங்களில் திசை திரும்புகிறது. அந்த நான்கிலும் மோட்டார் சுற்றுகிறது, மேசை நிற்கிறது. அதுதான் தட்டை.

“அப்படின்னா இத்தனை வருஷமா இதுல எப்படிப்பா சரியா வேலை செஞ்சீங்க?”

அப்பா செய்து காட்டினார். ஓர் அளவுக்குப் போக வேண்டுமென்றால் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் போவார். கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே திருப்ப மாட்டார். நன்றாகப் பின்னால் போய், மறுபடியும் அதே பக்கத்திலிருந்து வருவார். ஒரு திசையில் வெட்டும்போது மற்றத் திசையைப் பூட்டிவிடுவார். கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே மேசையைத் தள்ளுவார். அப்போது வெட்டும் விசையே இடைவெளியை ஒருபக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மாறாகத் தள்ளினால் கட்டர் மேசையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துவிடும். இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்ததில்லை. மணிக்கட்டு தானாகச் செய்தது.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. இயந்திரம் நன்றாக இருந்ததால் அப்பா நன்றாக வேலை செய்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையில் இயந்திரத்தின் குறையை ஒவ்வொரு நாளும் அவர் கை நிரப்பிக்கொண்டிருந்தது. கணினிக்கு அந்தக் கை கிடையாது. அது சொன்னதைச் சொன்னபடி செய்தது, குறை வெளியே வந்துவிட்டது.

இதை நினைக்கும்போது நம் பழைய தலைமுறை முழுவதுமே கண்முன் வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செந்தூல் ரயில்வே பட்டறையிலும், ரப்பர்த் தோட்டங்களின் ஆலைகளிலும் எத்தனையோ தமிழர்கள் ஃபிட்டர்களாகவும் கடைசல்காரர்களாகவும் இருந்தார்கள். பலரிடம் சான்றிதழ் இருந்திருக்காது. அப்பாவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் தோட்டத்து ஆலையில் பழகியவர்தான். இவர்கள் கையில் இருந்த வேலையை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. அதனால் அவர்கள் ஓய்வு பெறும்போது என்ன போகிறது என்பதும் கணக்கில் வருவதில்லை.

சரி, பின்கட்டுக்குத் திரும்புவோம். அப்பா சொன்ன ரிப்பேரை அதன்பிறகுதான் ஆரம்பித்தோம். சனி ஞாயிறுகளில் மட்டும், ஏழு மாதங்கள்.

முதலில் எண்ணெய். சறுக்குப் பாதைகளுக்கு ஒரு சிறு பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் போகின்றன. ஒருபக்கக் குழாய் அழுக்கில் அடைத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் மட்டும் காய்ந்து தேய்ந்திருந்தது. குழாய்களை மண்ணெண்ணெயில் கழுவினோம், அடைத்ததை மாற்றினோம். சறுக்குப் பாதைக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றினோம். கார் என்ஜின் எண்ணெய் கூடாது என்றார் அப்பா. அதிலுள்ள கழுவும் மருந்து அழுக்கை மிதக்கவிட்டு, அதைப் பாதைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு பாதையின் ஆப்புப் பட்டைகளை இறுக்கி, சாய்ந்திருந்த தலையை டயல் கேஜ் வைத்து நேராக்கினோம். இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு. பொறுமைதான் வேண்டும்.

அடுத்தது சத்தம். கட்டரைச் சுழலவிட்டால் ‘கர்ர்’ என்று ஓர் உறுமல். அப்பாவுக்கு இப்போது காது அவ்வளவு கேட்பதில்லை. இங்கே என் தொழில் கொஞ்சம் உதவியது. ஸ்பிண்டில் பேரிங் போயிருந்தால் பல நூறு வெள்ளிச் செலவு. பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலை மட்டும் கையால் சுற்றிக் காது வைத்தேன். அமைதி. மோட்டாரை மட்டும் தனியே ஓட்டினேன். உறுமல் அங்கேதான். மோட்டாரின் இரண்டு பேரிங்குகள், ஒவ்வொன்றும் 20 வெள்ளி.

பிறகு பெரிய செலவு. பழைய நட்டை இறுக்கிப் பார்த்தோம். ஆனால் திருகுத்தண்டு நடுவில்தான் அதிகம் தேய்ந்திருந்தது. நடுவுக்கு இறுக்கினால் ஓரங்களில் சிக்கிக்கொண்டது. அதனால் இரண்டு திருகுத்தண்டுகளையும் எடுத்துவிட்டு, பால் ஸ்குரூ பொருத்தினோம். இதில் தண்டுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. பழைய திருகில் நாம் தரும் சக்தியில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். இதில் ஏறக்குறைய 90 விழுக்காடு மேசைக்குப் போய்ச் சேரும். ஒரு விரலால் மேசையை நகர்த்தலாம்.

அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. பழைய திருகு உராய்வால் தானாகவே நிற்கும். பால் ஸ்குரூ நிற்காது, கட்டர் தள்ளினால் மேசை நழுவும். மோட்டார் பிடித்திருக்க வேண்டும், இல்லையேல் மேசைப் பூட்டைப் போட வேண்டும். மேல் கீழ் நகர்வுக்கு இதனால்தான் பால் ஸ்குரூ வைக்கவில்லை. அங்கே பழைய திருகையே விட்டு, தானாகப் பின்னோக்கிச் சுழலாத வார்ம் கியரோடு ஒரு மோட்டாரை மாட்டினோம். மின்சாரம் போனாலும் மேசை கீழே இறங்காது. பொத்தானை அழுத்தினால் ஏறும். அப்பாவின் தோளுக்குத் தேவைப்பட்டது உண்மையில் இந்த ஒரு மோட்டார்தான் என்பதைக் கடைசியில்தான் உணர்ந்தேன்.

மின்சாரத்துக்கு வருவோம். பட்டறை இயந்திரம் மூன்று ஃபேஸில் ஓடும். வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ். மோட்டார் தகட்டில் 240/415 என்று இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். உள்ளிணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றி, இன்வெர்ட்டர் ஒன்றின் மூலம் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டலாம். வேகத்தையும் குமிழைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்வெர்ட்டரின் மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே சில நிமிடங்கள் மின்னூட்டம் தங்கியிருக்கும், உடனே திறக்கக் கூடாது.

இன்வெர்ட்டரை ஓட்டியதும் புதிய தொல்லை. மேசை எல்லையைத் தொடாமலே, தொட்டுவிட்டதாகச் சொல்லிக் கணினி நின்றுவிடும். ஒலிப்பதிவு அறையில் மைக் கம்பியோடு மின்கம்பி ஒட்டி ஓடினால் இரைச்சல் வருமே, அதே கதைதான். இரண்டு கம்பிகளையும் பிரித்து, சுவிட்சுகளுக்கு உறையிட்ட கம்பி போட்டு, உறையின் ஒரு முனையை மட்டும் எர்த்தில் இணைத்தோம். தொல்லை போனது.

எல்லாம் சேர்த்து 5,600 வெள்ளி ஆனது. அவசரப்பட்டுப் பழைய திருகுகளுக்காகச் செய்த தாங்கிகளில் வீணான 400 வெள்ளியும் அதில் அடக்கம். வீட்டில் பழைய இயந்திரம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு, அது தையல் இயந்திரமோ மாவு அரைக்கும் கல்லோ தண்ணீர்ப் பம்போ, நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். அதில் இத்தனை காலம் வேலை செய்தவரை முதலில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கே தடவிக் கொடுப்பார், எங்கே தட்டுவார், எதைச் செய்யவே மாட்டார் என்று பாருங்கள். குறை அங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு மோட்டார், கணினி எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

எங்கள் இயந்திரத்தில் அப்பாவுக்காக இரண்டை மாற்றாமல் விட்டோம். துளை போடும் நெம்புகோல் இன்னும் கையால்தான். இரும்பு எப்படி வெட்டுப்படுகிறது என்பதை உள்ளங்கை உணர வேண்டும் என்றார். பக்கவாட்டுக் கைப்பிடியும் இருக்கிறது, பிடிக்குமிழை மட்டும் கழற்றிவிட்டோம். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது அது கையைப் பதம் பார்த்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய சிவப்பு நிறுத்தப் பொத்தான், அவர் வைத்த நிபந்தனை.

இரண்டாவது வட்டத்தை வெட்டிய நாளில் அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். படி தட்டுப்படவில்லை. டயல் கேஜை வைத்து அளந்தார். தளர்வு 35 தௌவிலிருந்து ஒன்றரைத் தௌவுக்கு வந்திருந்தது. “பரவாயில்ல” என்றார். என் அப்பாவிடம் அந்தச் சொல்லை வாங்குவது எளிதல்ல.

இப்போது கட்டளைகளை நான் எழுதித் தருகிறேன், அவர் ஓட்டுகிறார். கட்டர் எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு ஆழம், எங்கே நிதானம் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. நேற்று எதிர்வீட்டு அக்கா தோசை மாவு இயந்திரத்தின் உடைந்த புல்லியைக் கொண்டுவந்தார். அது மேசையில் பூட்டப்பட்டு நிற்கிறது. இதை எழுதி முடித்ததும் பின்கட்டுக்குப் போக வேண்டும். அப்பா ஏற்கெனவே சாரோங்கை எடுத்து மடித்து வைத்துவிட்டார்.